எதிர்க்காற்றில் ஒரு மணி பத்து நிமிடம்

"என்ன மேடம், காதுல பூ சுத்துறீங்களா?"

விமான டிக்கெட் அலுவலகத்தில் அவளிடம் இதுவரை யாரும் இப்படிப் பேசியதில்லை. நிமிர்ந்தாள். மழையில் தொப்பலாக நனைந்த ஒருவன், சுவரை நிறைத்திருந்த உலகப் படத்தில் இஞ்சு டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தான். பக்கத்துத் தெரு டெய்லராம்.

"நம்ம ஊர்லேர்ந்து எங்க அண்ணன் இருக்கற ஊருக்கு நேராப் போனா நாப்பத்திரண்டு இஞ்சு. உங்க விமானம் போற கோடு வளைஞ்சு நெளிஞ்சு ஐம்பத்தொண்ணு! எதுக்கு இந்த ஊர்சுத்தல்? அளவுல என்னை யாரும் ஏமாத்த முடியாது, ஆமா!"

கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கண்கள்... சண்டைக்கு வந்த கண்கள் இல்லை. தெரிந்துகொள்ளத் துடிக்கிற கண்கள்!

மேசையிலிருந்த பூகோள உருண்டையை அவன் பக்கம் தள்ளினாள். "காலர்ல ஊசியோட குத்தி வச்சிருக்கீங்களே... அந்த நூலைக் கொடுங்க."

இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தாள். நூல் தானாகவே வடக்கே ஏறி, பனிப்பிரதேசத்தை உரசிக்கொண்டு போனது.

"இதுதான் குறுக்கு வழி. பத்தாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். பதிமூணு மணி பத்து நிமிஷம். சுவர்ல இருக்கறது உருண்டையை விரிச்சுப் போட்ட படம், சார்!"

"அட... தட்டையா வெட்டின துணி தோள்ல உட்காராதே, அந்த மாதிரி!"

சிரித்தான். நூலைப் பிடிக்க வந்த விரல் அவள் விரலில் பட்டது... இருவருமே எடுக்கவில்லை.

அப்புறம் தினமும் ஒரு சந்தேகத்தோடு வந்தான். எட்டாம் நாள் டிக்கெட் வாங்க வந்தான். போவதற்கு மட்டும். அங்கே அண்ணன் கடை பார்த்து வைத்துவிட்டாராம். "திரும்பிப் போக உனக்கு என்னடா இருக்குன்னு கேக்கறாரு," என்று சொல்லிவிட்டு அவளையே பார்த்தான்.

'அவன் கேட்கட்டுமே... நானாக எதற்கு வாயைத் திறக்கணும்?' வீம்பு! கணினி விசைகளைப் படபடவென்று தட்டினாள்.

"திரும்பி வர எவ்வளவு நேரம்?"

"பதினாலு மணி இருபது நிமிஷம்."

"அதே தூரம்தானே... எப்படிக் கூடுது?"

"எதிர்க்காத்து."

"அப்போ வர்றதுதான் கஷ்டம்."

"கஷ்டமில்ல... நேரம்தான் கொஞ்சம் கூட."

டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தான். கதவுவரை போய்விட்டான். போனால் போகட்டும் என்று இருக்க அவளால் முடியவில்லை.

"நில்லுங்க! என்ன இருக்குன்னு உங்க அண்ணன் கேட்டார்ல? நான் இருக்கேன்னு சொல்லுங்க!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐயோ, முகமெல்லாம் சூடு!

அவன் திரும்பி வந்தான். கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி உருண்டையின் மேல் வைத்தான்.

"பத்து வருஷமா வேற டேப்பைத் தொட்டதில்ல. அண்ணன்கிட்ட நேர்ல பேசிட்டு ஒரே மாசத்துல வந்துடறேன். அதுவரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும்."

"டேப்புக்காகத்தான் வருவீங்களா?"

"உங்களுக்காகத்தான்... அன்னிக்கு நூலைப் பிடிச்சீங்களே, அப்பவே என் மனசு உங்ககிட்ட வந்துடுச்சு. வர்றதுக்கும் சேர்த்து டிக்கெட் போடுங்க."

மறுபடி விசைகளைத் தட்டினாள். "ஒரு மணி பத்து நிமிஷம் கூட ஆகுமே..."

"ஆகட்டும். உங்களை நினைச்சுக்கிட்டே வந்துடுவேன்."