பெயர் வைத்த விரல்

படத்தின் கீழே எவனோ ஒரு பெயரை எழுதியிருந்தான். குழந்தைக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை.

அராபா ஃபோனைக் கண்ணருகே கொண்டுவந்தாள். சாத்திய ஜன்னல்களுக்கு வெளியே கேப் கோஸ்ட்டின் மதிய வெயில் காய்ந்தது. உள்ளே புளித்த பால் வாடையும் கடற்கரையிலிருந்து கசியும் மீன்புகையும் கலந்து சுவர்களில் பிசுபிசுத்தன. எட்டாம் நாள் விடியலில் பெரியவர் ஒருவர் தண்ணீரையும் ஜின் சாராயத்தையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பெயர் சொல்லும்வரை பிள்ளை வாசல் தாண்டக்கூடாது. அதுவரை அவன் விருந்தாளி. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் பின்னால் போய்விடுவான். அராபா கதவுக்குத் தாழ் போட்டிருந்தாள். ஆனால் பிறந்த மறுநாளே படங்களை யாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டாள், மகாபுத்திசாலி.

நாத்தனார் மான்சா எட்டிப் பார்த்தாள்.

"சுமினாவா? அப்படின்னா குப்பமேடுல்ல அண்ணி! எந்தப் பரதேசி இப்படிப் பேரு எழுதியிருக்கான்?"

"தெரியல."

"பிள்ளைய வெளிய காட்டாதீங்கன்னு தலையால அடிச்சிக்கிட்டேன்."

"எங்க காட்டுனேன்? மடியிலதான கெடக்கான்."

"ஊரு உலகமே பாத்தாச்சு. இது வெளிய இல்லாம என்னவாம்?" மான்சா முணுமுணுத்தபடி தண்ணீர் பிடிக்கப் போனாள்.

அராபா எழுதியவனின் பக்கத்தைத் திறந்தாள். முழுக்க அவள் மகன். தூங்கும் மகன், குளிக்கும் மகன், தொப்புள் காயாத மகன். 'என் மகன் சுமினா.' கீழே முன்பின் தெரியாதவர்களின் முத்தங்கள் வழிந்தன. அராபா தன் படங்களை அவசரமாக அழித்தாள். அவனிடம் அப்படியே இருந்தன.

ஒரு வீடியோ தானாக ஓடத் தொடங்கியது. ஈரமான மூச்சு. யாரோ சப்புக்கொட்டும் சத்தம். மேசைமேல் ஒரு ஃபோன், அதன் திரையில் அவள் மகனின் முகம். தடித்த விரல் ஒன்று வந்தது. மஞ்சள் நகம், இடுக்கில் கறுப்பாக அழுக்கு. அது ஜின் கோப்பையில் தோய்ந்தது. படத்தின் உதட்டில் மெல்லத் தேய்த்தது.

"சுமினா."

அராபா ஃபோனை வீசினாள். அது தரையில் கவிழ்ந்து கிடந்து பேசியது.

"சுமினா."

மடியில் அசைவு. பிள்ளை தலையைத் திருப்பினான். அவள் பக்கம் அல்ல. ஃபோன் பக்கம்.

உதடு ஈரமாக இருந்தது.

குனிந்தாள். ஜின் நெடி.

அவன் எதையோ சப்பிக்கொண்டிருந்தான். வாயை விரலால் பிரித்தாள். நாக்கு நுனியில், கறுப்பு அழுக்கோடு, ஒரு மஞ்சள் நகத்துண்டு.