கோணலாக ஒரு எழுபத்து மூன்று

அச்சகத்துக்கு என்னைக் கூட்டிப்போனது அண்ணன்தான். அப்பா அம்மா போன பிறகு என்னை ஆளாக்கியவன். அங்கே காகிதம் வெட்டும் கட்டிங் மெஷின் ஓட்டினான்.

"உனக்கு முன்னால லேஅவுட் பண்ணவன் சொல்லாம கொள்ளாம ஓடிட்டான். அவன் தப்பாப் போட்ட புக்கைத் திருத்திக் குடு, போதும்" என்றான்.

அந்த ஆள் மகா பிடிவாதக்காரன்போல. நூற்று அறுபது பக்கத்துக்கும் எண்ணைக் கையாலேயே அடித்திருந்தான். தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தேன். எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான மாஸ்டர் பேஜில் தானாக எண் விழும்படி வைத்தேன்.

எழுபத்து மூன்றாம் பக்கத்தில் மட்டும் இரண்டு எண்கள். என்னுடையதற்குக் கீழே, கோணலாக இன்னொரு 73.

அழித்தேன். மறுபடி வந்தது.

பிரிண்ட் எடுத்தேன். தாள் ஈரமாக வந்தது, துருப்பிடித்த இரும்பு வாடையோடு. விரலில் சிவப்பு ஒட்டியது. அந்த பிரிண்டரில் இருந்தது கறுப்பு மை மட்டும்தான்.

அண்ணனிடம் நீட்டினேன். வாங்காமல் இரண்டடி பின்னால் போனான்.

"என்னண்ணே?"

"அங்கதான் உனக்கு முன்னால இருந்தவன் ஒரே நம்பரை ரெண்டு தடவை போட்டான். ரெண்டாயிரம் புக்கு வெட்டி முடிச்சப்புறம் சொல்லிட்டுச் சிரிச்சான்மா. தலையைப் பிடிச்சுக் கத்திக்குக் கீழ அழுத்திட்டேன்."

மெஷினின் இரண்டு பொத்தான்களையும் இரண்டு கையாலும் ஒன்றாக அழுத்தினால்தான் கத்தி இறங்கும். வேலை வேகமாக நடக்க, அண்ணன் ஒன்றில் எப்போதும் அட்டையைச் செருகி வைத்திருப்பான். அன்று அவனுக்கு ஒரு கை போதுமாக இருந்திருக்கிறது.

"அழிச்சிடும்மா" என்று கிசுகிசுத்துவிட்டு மெஷினுக்குப் போனான்.

அண்ணனாயிற்றே. அந்தப் பக்கத்தையே அழித்தேன். அடுத்த பக்கம் தானாக 73 ஆனது. அதன் கீழும் கோணலாக 73. அதையும் அழித்தேன். அதற்கடுத்ததையும்.

புத்தகம் எழுபத்திரண்டோடு முடிந்தபோது அண்ணன் அலறினான்.

ஓடினேன். தலையும் இரண்டு கைகளும் கத்திக்கு அந்தப் பக்கம் கிடந்தன. விரல்கள் இன்னும் துடித்தன.

செருகியிருந்த அட்டை தரையில் கிடந்தது.

இரண்டு பொத்தான்களும் அமுங்கியே இருந்தன. நான் பார்க்கப் பார்க்க, மெதுவாக மேலே வந்தன.

அவன் சொன்னதுமே போலீசுக்குப் போயிருந்தால் அண்ணன் ஜெயிலிலாவது உயிரோடு இருந்திருப்பான். நான் பக்கத்தை அழித்தேன்.

இப்போது வேறு ஊர், வேறு அலுவலகம். இன்று காலை புது ஃபைல் ஒன்று திறந்தேன். மூன்று வெற்றுப் பக்கங்கள். முதல் பக்கத்தில் கோணலாக 73. அடுத்ததில் 74, அண்ணனுக்குப் போல.

மூன்றாவதில் 7 மட்டும் விழுந்திருக்கிறது. அதன் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.