ஏரிக்கரையில் மில் ஜாடை

என் அப்பா ரகசியம் சொன்னால் அடுத்த தெருவுக்கும் கேட்கும். நூல் மில்லில், தடதடக்கும் இயந்திரங்களுக்கு நடுவே வேலை பார்த்தவர். காது கொஞ்சம் மந்தம், குரலோ ஊருக்கே கேட்கும்.

அவருக்கு எப்போதும் மாலை ஷிப்டு. அன்று மட்டும் ஏதோ பழுதென்று மில்லை மூடிவிட்டார்கள்.

"அப்பா, ஏரிக்கு வாங்க! மீன்கொத்தி தண்ணிக்குள்ள பாயறதைக் காட்டறேன்" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

பறவை பார்க்க வந்திருந்த அறிவியல் டீச்சரும் என் வகுப்புப் பிள்ளைகளும் நாணலுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். பட்ட மரக்கிளையில் நீலமாக ஒரு புள்ளி.

"கண்ணு! அதோ பாரும்மா, நீலமா!" என்றார் அப்பா.

அவ்வளவுதான். மீன்கொத்தி போயே போய்விட்டது. கூடவே கொக்குகளும்.

"ஐயையோ, மன்னிச்சுக்குங்க டீச்சர்! இனிமே மெதுவாப் பேசறேன்!" என்று அதைவிடச் சத்தமாகச் சொன்னார். மிச்சமிருந்த நீர்க்காகமும் கிளம்பியது.

"உங்கப்பா ஒலிபெருக்கியை முழுங்கிட்டாரா?" என்றான் குண்டூசி. வகுப்பிலேயே ஒல்லியான பையன், வாய் மட்டும் குத்தும்.

டீச்சர் அவனை முறைத்தார். "பரவாயில்லைங்க. இருட்டறதுக்குள்ள இன்னொரு தடவை வந்தாலும் வரும்."

அப்பா எழுந்துவிட்டார். "நீ பாரு கண்ணு. நான் சைக்கிள்கிட்ட போய் நிக்கறேன். நான் இருந்தா அது வராது."

அவருக்குக் காட்டத்தானே கூட்டிவந்தேன்! அவர் இல்லாமல் எனக்கு மட்டும் எதற்கு அந்த மீன்கொத்தி?

சட்டென்று மில் நினைவுக்கு வந்தது. சாப்பாட்டுத் தூக்கோடு போகும்போது பார்த்திருக்கிறேன். அங்கே கத்தினாலும் யார் காதிலும் விழாது. எல்லாம் கை ஜாடைதான். உள்ளங்கையைக் காட்டினால், பொறு. காதைப் பிடித்தால், மேஸ்திரி வருகிறார்.

ஓடிப்போய் அப்பாவின் சட்டையைப் பிடித்தேன்.

"அப்பா, இது ஏரி இல்ல, மில்லு. மெஷின் எல்லாம் ஓடுது. பேசினா கேக்காது!"

அப்பா ஒரு நொடி விழித்தார். பிறகு சிரித்தார். சத்தமே வராத சிரிப்பு. அதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

உட்கார்ந்தோம். கொக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது. 'இனி வராதோ?' என்று நினைத்தபோது அப்பா உள்ளங்கையைக் காட்டினார். பிறகு மெல்லக் காதைப் பிடித்துக்கொண்டார்.

மேஸ்திரி வருகிறார்!

மீன்கொத்தி வந்து கிளையில் அமர்ந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. விர்ரென்று பாய்ந்து, அலகில் மீனோடு எழுந்தது. அப்பா என் கையை இறுக்கினார். குண்டூசி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

வீட்டு வாசலில் அம்மா கேட்டாள்: "மீன்கொத்தி வந்துச்சா?"

"வந்துச்சு!" என்றார் அப்பா. தெருவே திரும்பிப் பார்த்தது.

எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போதும் ஜன்னல் கம்பியில் ஏதாவது பறவை வந்து உட்கார்ந்தால், என் கை தானாகக் காதுக்குப் போகிறது.

"என்ன, காது வலியா?" என்று கேட்பார்கள் வீட்டில்.

"இல்ல," என்பேன், மெதுவாக. "மேஸ்திரி வந்திருக்கார்."