பாய்லருக்கு ஒரு கஷாயம்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்!

பட்டறை டெலிபோனைப் பாய்ந்து எடுத்தார் ஜம்புலிங்கம். காலையிலிருந்து இதற்காகத்தானே காத்திருக்கிறார்!

"ஜம்புலிங்கம்! பாம்பூஃப்ளாட்டுக்கு ஜல்தி வாங்க!" இன்ஜினியர் இராமகிருஷ்ணனின் குரல். "நீராவி லாஞ்ச் படகோட பாய்லர்ல யாரோ கை வெச்சுட்டான். போலீஸ் வந்தாச்சு!"

"ஐயையோ, சாப்!"

வாய்தான் பதறியது. முகமெல்லாம் சிரிப்பு.

எதிர்க்கரைக்குப் போகும் ஃபெர்ரியில் ஏறியவருக்கு மனசு குளுகுளுவென்றிருந்தது.

பதினெட்டு வருஷ சர்வீஸ்! ஃபோர்மேன் நாற்காலி அவருக்குத்தான் என்று பட்டறையே நம்பியது... நேற்று முளைத்த பிரகாசம் வந்து தொலைக்கும் வரை!

அந்தத் தூத்துக்குடிக்காரன், பாய்லரின் உப்புப் படிவத்தைக் கரைக்கும் ஆசிட்டில் மஞ்சணத்தி இலையைக் காய்ச்சிக் கலந்தான். படிவம் போனது. ஆசிட் அரிக்காமல் இரும்பு தப்பியது! கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து தீவுக்கு வரும் மருந்தை விட மலிவு, விஷமும் இல்லை. இன்ஜினியர் சொக்கிப் போனார்.

"லாஞ்ச் பாய்லர் நல்லபடியா வந்தா, பிரகாசம்தான் ஃபோர்மேன்!"

ஜம்புலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. ஆசிட்டைக் குடித்தால்கூட அப்படி எரியாது!

அதனால்தான் இன்று காலை கஷாய டின்னைக் கடலில் கவிழ்த்தார். கேன்டீனில் மிஞ்சிய டீத்தூளைக் கொதிக்க வைத்து, அதே நிறத்தில் நிரப்பி வைத்தார். பாய்லர் குழாயெல்லாம் சல்லடையாகட்டும்!

பாம்பூஃப்ளாட் படகுத்துறை.

பிரகாசம் தலைகுனிந்து நின்றான். பக்கத்தில் இன்ஸ்பெக்டர்.

"டின்னுல என் கஷாயமே இல்ல, அண்ணாச்சி. மஞ்சணத்தி நாறும்லா? இது மணக்கு!"

"ஊத்தினப்புறம்தான் கவனிச்சோம்," என்றார் இன்ஜினியர். "ஆனா இதப் பாருங்க!"

அவர் கையில் ஓர் இரும்புத் துண்டு பளபளத்தது.

"சோதனைக்காக ஆசிட்ல தொங்கவிட்ட துண்டு. எடை போட்டாச்சு. இலை கலந்தப்போ அரிச்சதுல பாதிகூட அரிக்கல!"

கேன்டீன் டீ, கஷாயத்தையே ஜெயித்துவிட்டதா?

"எவன் எதை ஊத்தினானோ... போகட்டும். வழி காட்டினது பிரகாசம். ஃபோர்மேன் வேலை அவனுக்குப் பக்கா!"

பக்காவா?

இவர் காய்ச்சிய டீக்கு, அவனுக்கு நாற்காலியா?!

"சாப்! அது அவன் சரக்கே இல்ல! நான் ஊத்தினேன்! என் கையால காய்ச்சின டீ, சாப்... டீ!"



இன்ஸ்பெக்டரின் கை அவர் தோளில் விழுந்தது.

"சலோ, ஜம்புலிங்கம்."

ஜீப் உறுமியது. பென்சிலும் நோட்டுமாகப் பின்னாலேயே ஓடிவந்தான் பிரகாசம்.

"அண்ணாச்சி! ஒரே ஒரு சந்தேகம்... சீனி போட்டியளா, போடலியா?"