பக்கத்து சீட்டு மாப்பிள்ளை

ஓடாத வண்டியில் ஏறி, இல்லாத மலையிலிருந்து விழுந்து, என் இடது கையை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன் நான். இப்படிச் சொல்லிக்கொள்ள உலகத்தில் வேறு ஆள் கிடையாது. உடனே என் கையைப் பார்க்காதீர்கள். கை தோளில்தான் தொங்குகிறது. கையில்தான் நான் இல்லை.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கயிறு அறுந்த லிஃப்டோடு உச்சி மாடியிலிருந்து தரைக்கு வந்திருக்கிறேன்; கையில் இருந்த டீ ஒரு சொட்டு சிந்தவில்லை. என் மகள் இதை நம்புவதில்லை. நான் இன்றைக்கு வெயில் என்று சொன்னால்கூட ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொள்வாள். பிசியோதெரபிஸ்ட் அல்லவா, ஆள் சொல்வதைவிட மூட்டு சொல்வதைத்தான் கேட்பாள்.

அவள் அம்மா போனதிலிருந்து என் வீட்டில் நான் மட்டும்தான். "தனியா இருக்கக் கூடாதுப்பா" என்று வரும்போதெல்லாம் ஆரம்பிப்பாள். அவளுக்குத் தெரிந்த முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கு அறைகூடப் பார்த்து வைத்திருந்தாள். நான் அசையவில்லை. என் அடுப்பு, என் ரேடியோ, நான் நினைத்த நேரத்தில் சாத்துகிற கதவு. இவற்றை விட்டு எங்கே போவது?

அந்த விடுமுறை நாளில் என்னைச் சமாதானப்படுத்தத்தான் தீம் பார்க்குக்கு அழைத்துப் போனாள். நிஜ ரோலர் கோஸ்டரில் என் வயதுக்கு இடமில்லை என்று வாசலிலேயே போர்டு. பக்கத்து ஹாலில் விஆர் ரோலர் கோஸ்டர் இருந்தது. தண்டவாளம் கிடையாது. இரண்டு இருக்கை வைத்த ஒரு மேடை, அதன் அடியில் எண்ணெய் பிஸ்டன்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் மலை தெரியும். மேடை இருந்த இடத்திலேயே ஆடும். பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரனைச் சந்தித்த மாதிரி இருந்தது.

மகளுக்கு ஊஞ்சலில் உட்கார்ந்தாலே தலைசுற்றும். அவள் வெளியே உட்கார்ந்துகொண்டாள்.

ஹாலுக்குள் கறுப்புத் திரை, கறுப்புக் கம்பளம், பல பேர் கழற்றிப்போட்ட ஷூக்களின் வாடை. ஏசிக் குளிர் காதுக்குள் புகுந்தது. ஒருவர் எனக்குக் கண்ணாடியை மாட்டி பெல்ட்டை இறுக்கினார். அதற்குள் எதிர்மூலையில் இருந்த ஆபரேட்டர் குரல் கொடுத்தார்.

"மாப்பிள்ளை உட்கார்ந்தாச்சா?"

என் மகளின் வீட்டுக்காரர் வரவே இல்லையே என்று நான் விழித்தேன். பெல்ட்காரர் சிரித்தார். "மணல் மூட்டைங்க ஐயா. தனியா வர்றவங்களுக்குப் பக்கத்துல வைப்போம். இல்லாட்டி மேடை ஒருபக்கமா சாயும். நாங்க தூக்கிட்டு வந்து உட்கார வெச்சாத்தான் ஆள் உட்காருவார், அதனால மாப்பிள்ளை."

"மொய் எழுதணுமா?"

"எழுதினா வேணாம்னு சொல்லமாட்டோம்."

பச்சை விளக்கு எரிஞ்சிடுச்சு என்று ஆபரேட்டர் சொன்னது கேட்டது. இரண்டு இருக்கையிலும் எடை இருந்தால்தான் பச்சை வரும். மேடை அசைந்தது.

கண்ணாடிக்குள் சாம்பல் நிற வானம். பக்கத்தில் ஒரு சாம்பல் நிற உருவம். எடை இருக்கிற இருக்கையில் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் ஓர் ஆளை வரைந்துவிடும் போலிருக்கிறது. மூக்கு வாய் கிடையாது. இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. வணக்கம் மாப்பிள்ளை என்றேன். வண்டி கடகடவென்று ஏற ஆரம்பித்தது.

ஏற்றம் முடியும் இடத்தில் சத்தம் நின்றுவிடும். அப்படித்தான் செய்துவைத்திருக்கிறார்கள். அந்த அமைதியில் ஓர் ஆள் மூச்சு விடுவது கேட்டது. நான் என் மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

அந்த மூச்சு அடங்கவில்லை.

ஈர மணல் வாடை வந்தது. மூட்டை நனைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உருவம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

மணல் மூட்டைக்கு ஏது கழுத்து?

வண்டி விழுந்தது. மடியில் இருந்த சாம்பல் கை எழும்பி என் இடது கைமேல் வந்து உட்கார்ந்தது. கண்ணாடிக்குள் பார்ப்பது கண்ணுக்கு மட்டும்தானே தெரிய வேண்டும். எனக்கு விரல் விரலாகத் தெரிந்தது. குளிர் மணிக்கட்டில் ஏறி முழங்கையைத் தாண்டித் தோளுக்கு வந்தது. பிறகு அந்தக் குளிரும் இல்லை.

ஒன்றுமே இல்லை.

பெல்ட்காரர் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்து இருக்கையில் மூட்டை இல்லை. பெல்ட் மட்டும் பூட்டியிருந்தது, ஒரு மனிதன் வயிற்றளவுக்குப் புடைத்துக்கொண்டு.

"மூட்டைய எப்ப எடுத்தீங்க?" என்றேன்.

"ஆபரேட்டர் எடுத்திருப்பார்."

"நான் இடத்தை விட்டே எழுந்திருக்கலையே," என்றார் ஆபரேட்டர். "நீதானே வெச்சே?"

"நான் எங்க வெச்சேன்? மூட்டை காலையிலேயே கிழிஞ்சு தைக்கப் போயிருக்கு. பச்சை எரிஞ்சதும் நீங்க வேற ஏதோ வெச்சிட்டீங்கன்னு நினைச்சேன்."

இருட்டில் இவர் வைத்தார் என்று அவரும், அவர் வைத்தார் என்று இவரும் இருந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அந்தப் பெல்ட்டைத் தொடவில்லை.

வெளியே வந்து மகளிடம் கையை நீட்டினேன். அவள் கிள்ளினாள், தட்டினாள், கைப்பையிலிருந்து ஊக்கை எடுத்துக் குத்தினாள். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரி. என்னை அவர்கள் படம்பிடித்த அளவுக்கு என் கல்யாணத்தில்கூடப் பிடிக்கவில்லை. நரம்பு நன்றாக இருக்கிறது, மூளை நன்றாக இருக்கிறது, பக்கவாதம் இல்லை என்றார்கள். தனிமையில் இருப்பவர்களுக்கு மனசு இப்படி எல்லாம் செய்யும் என்று டாக்டர் மகளிடம் சொன்னார். போதாதா அவளுக்கு?

"மணல் மூட்டை கையப் பிடிச்சுதுன்னு சொல்றீங்க. இன்னும் உங்களத் தனியா விட்டா ஊரு என்னைத்தான்பா கேட்கும். அடுத்த வாரம் இல்லத்துக்குப் போறோம்."

"மூட்டை பிடிக்கல. மூட்டை அங்க இல்லவே இல்ல."

"அது இன்னும் மோசம்."

கை மரத்தது பெரிதில்லை. கூடவே இன்னொன்றும் மரத்துவிட்டது. அடுப்பில் இருந்த பாத்திரத்தை இடது கையால் தூக்கியிருக்கிறேன். தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. திடுக்கிட வேண்டிய இடத்தில் திடுக்கென்று எதுவும் வரவில்லை. சிரித்தேன். அந்தச் சிரிப்பும் வாயோடு நின்றுவிட்டது.

கடைசியில் மகளிடம் பந்தயம் கட்டினேன். "நீ ஒரு தடவை அந்த சீட்ல உட்காரு. ஒண்ணும் நடக்கலைன்னா பெட்டி கட்டிக்கிட்டு இல்லத்துக்கு வந்துடறேன். நடந்தா, என் வீட்டைப் பத்தி நீ வாயத் திறக்கக் கூடாது."

"பேச்சு மாறமாட்டீங்களே?"

"லிஃப்ட் மேல சத்தியம்."

போனோம். அது ஒரு வேலைநாள், மத்தியானம். ஹாலில் கூட்டமே இல்லை. தைத்து வந்த மூட்டையைப் பெல்ட்காரர் சுமந்து வந்தார். மகள் கையால் தடுத்தாள். "மூட்டை வேண்டாம். இல்லாமலே பாப்போம்."

"இல்லாம ஓடாதுங்கம்மா. சிவப்பு விளக்குதான் எரியும்."

"அதைத்தான் அப்பா பாக்கணும்."

மூட்டை தரையில் இருந்தது. மகள் நான் உட்கார்ந்த அதே இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். சிவப்பு விளக்கு. "எரியுதாப்பா?" என்றாள். குரலில் அவள் ஜெயித்தது தெரிந்தது.

பக்கத்து இருக்கையின் பெல்ட் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

அது மெதுவாக மேலே போனது.

டக்.

விளக்கு பச்சைக்கு மாறியது.

ஆபரேட்டர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார், தான் எதையும் அமுக்கவில்லை என்று. மேடை அசைந்தது. அவர் நிறுத்தும் பட்டனை அமுக்கினார். திரும்பத் திரும்ப அமுக்கினார்.

காத்திருப்பவர்களுக்காகச் சுவரில் ஒரு டிவி உண்டு. ஏறியிருப்பவர் பார்ப்பது அதில் தெரியும். சாம்பல் வானம். கம்பியைப் பிடித்திருக்கும் மகளின் கைகள். பிறகு அவள் தலையைத் திருப்பியதால் பக்கத்து ஆள். அது ஏற்கனவே அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது.

வெறும் சாம்பல் முகம். அது டிவி நிறைகிற அளவுக்குக் கிட்டத்தில் வந்தது.

என் மகள். ஓடிப்போய் பெல்ட்டைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான். கால் பரபரக்கவில்லை, நெஞ்சு அடிக்கவில்லை. மழை பெய்வதைப் பார்க்கிற மாதிரி நின்று பார்த்தேன்.

அவள் கத்தவில்லை. விழுகிற இடத்தில்கூடக் கத்தவில்லை.

மேடை தானாக நின்றது. பெல்ட்காரர் கிட்டப் போகவில்லை; நான்தான் என் வலது கையால் கண்ணாடியைக் கழற்றினேன். மகளின் கண் திறந்தே இருந்தது. எழுந்தாள், ஷூவை மறந்துவிட்டு வெளியே நடந்தாள்.

வெயிலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். இடது கையில் வாங்கினாள். பாட்டில் கீழே விழுந்து உருண்டது. அவள் அந்தக் கையை முகத்துக்கு நேரே தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். எல்லாம் மடங்கின. தினமும் பத்துப் பேருக்குச் செய்கிற சோதனைதான். கைப்பையிலிருந்து ஊக்கை எடுத்துத் தன் உள்ளங்கையில் தானே குத்திக்கொண்டாள். இன்னும் ஆழமாகக் குத்தினாள். நான் ஊக்கைப் பிடுங்க வேண்டியிருந்தது.

"என்னம்மா?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே, பெஞ்சில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னதெல்லாம் நடந்துச்சுப்பா," என்றாள், அழுகையோ பயமோ எதுவும் இல்லாத குரலில். "இது மரத்துப்போன கை இல்ல. நான் இறங்கினப்பவும் பக்கத்து சீட்ல இருந்தது என் கைய விடல, கூடவே இறங்கிடுச்சு. வாங்க, உங்க வீட்டுக்கே போகலாம். இனிமே நீங்க தனியா இருக்கீங்கன்னு நான் சொல்லமாட்டேன்."