சாய்வுமானி

நிவேதிகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதினேழாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் ஓட்டினாள். எதிரே நின்ற தர்ஷினியின் கண்களைத் தவிர்த்து நெற்றிப் பொட்டை மட்டும் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த சாய்வுமானி சிவப்பாக எரிந்தது.

“இதோட ஒம்பது வாரமாச்சுங்கக்கா,” என்றாள் தர்ஷினி. குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டுத் தொலைத்தால் தேவலை என்று நிவேதிகாவுக்கு இருந்தது.

பனியன் கம்பெனிகளுக்கு மனிதக் கை தேவையில்லை என்று ஆனபிறகு, நொய்யல் படுகையில் சாயச் சேறு அள்ளுவது ஒன்றுதான் அந்த ஊருக்கு மிஞ்சிய நிவாரண வேலை. வாரத்துக்கு நாற்பது பேர். முன்பு ஆள் எடுத்தவர் தன் ஒறம்பரை, சொந்தபந்தம் நாற்பது பேருக்கே மண்வெட்டி கொடுக்கிறார் என்று மனு மேல் மனு போனது. அரசாங்கம் அவரை மாற்றி நிவேதிகாவை வைத்ததோடு நிற்காமல் சாய்வுமானியையும் அனுப்பியது. பெயர் கூப்பிடுபவர் எதிரே நிற்பவரைப் பார்க்கும்போது நாடியும் வியர்வையும் என்ன சொல்கின்றன என்று அது படிக்கும். மனம் துளி அவர் பக்கம் சாய்ந்தால் சிவப்பு. அந்த வாரம் வேலை இல்லை. வெறுப்பை அது கண்டுகொள்ளாது. பிடிக்காதவனுக்கு யார் சலுகை காட்டப்போகிறார்கள் என்று, செய்தவர்கள் யோசித்திருந்தார்கள். மகா புத்திசாலிகள். இரக்கமும் சலுகையும் நாடியில் ஒரே மாதிரிதான் துடிக்கும் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

விளைவு? மூன்று வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் கதிரவனுக்கு, ஊரில் ஒரு நாய்கூட வாலாட்டாத அந்த மனிதனுக்கு, ஒன்பது வாரமும் பச்சை. சேறு அள்ளியே நுரையீரல் புண்ணாகிப் படுத்துவிட்ட புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தவித்த தர்ஷினிக்கு ஒன்பது வாரமும் சிவப்பு. தொடர்ந்து பத்து வாரம் வேலை பெறாதவர் வேலை தேவைப்படாதவர் என்பது சட்டம். பெயரை அடித்துவிடுவார்கள். நிவாரண அரிசியும் அதோடு நின்றுவிடும்.

பத்தாவது வாரம் மேற்பார்வை அதிகாரி அருள்மொழி ஒரு மனுவோடு வந்தார். புகார் வந்தால் வரிசைக்கு முன்னால் படித்துக்காட்ட வேண்டும் என்பது விதி.

“நிவேதிகா தன் உறவினருக்கு மட்டுமே வேலை தருகிறார். என்னைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ‘உன் புருஷன் செத்தபிறகு வா’ என்று சொன்னார். இப்படிக்கு, தர்ஷினி.”

நிவேதிகாவுக்குக் காது அடைத்தது. இவளுக்காகவா வாரா வாரம் நாக்கைப் புண்ணாக்கிக்கொண்டேன்? பட்டியலில் முதல் பெயரே தர்ஷினிதான். ஏறிட்டுப் பார்த்தபோது கன்னத்தில் அறையலாம் போலிருந்தது.

பச்சை.

விளக்கு பச்சையாக இருக்கும்போதே பதிவுப்பலகையில் கட்டைவிரலை வைத்தாக வேண்டும். தர்ஷினி ஓடிவந்து வைத்தாள். அவசரத்தில் விரல் கோணலாகப் பட, பலகை ஏற்கவில்லை. மறுபடி வைத்தாள், அப்போதும் ஏற்கவில்லை.

“இப்படியொரு பொய்ய எழுத எப்புடிடி மனசு வந்துச்சு உனக்கு?”

“திட்டுங்கக்கா. நிறுத்தாதீங்க, இன்னும் நல்லாத் திட்டுங்க,” என்றாள் தர்ஷினி, தலை நிமிராமல்.

அப்போதுதான் நிவேதிகாவுக்குப் புரிந்தது. அது தன் வேலைக்கு உலை வைக்க எழுதிய மனு இல்லை. தன் மனதில் இருந்த இரக்கத்தை அழிக்க எழுதியது. அது புரிந்திருக்கவே கூடாது. புரிந்த நொடியில் அவளுக்கு நெஞ்சு இளகிப் போனது.

தர்ஷினி நிமிர்ந்து பார்த்துவிட்டு அலறினாள். “ஐயோ அக்கா, அப்படிப் பாக்காதீங்க!”

சிவப்பு.

அருள்மொழி மானியைப் பார்த்தார், மனுவைப் பார்த்தார். “ஏம்மா, உன்னைக் கண்டாலே இவங்களுக்கு ஆகாதுன்னு எழுதியிருக்கே. மானி பாசம்னு காட்டுது. அப்ப இது பொய்ப் புகார்தானே?”

பெயரை அடித்தார். பொய்ப் புகாருக்கு மூன்று வருஷத் தடை தனி.

“பேரை அடிச்சுக்கங்க சார். அரிசிய மட்டும் நிறுத்தாதீங்க,” என்று தர்ஷினி இரண்டு முறை கேட்டாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

அடுத்து நின்றவள் சங்கமித்ரா. நிவேதிகாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். மானி வந்த ஒன்பது வாரத்தில் ஒருமுறைகூடப் பச்சை பார்க்காதவள்; அவளுக்கும் இது பத்தாவது வாரம். நடந்த அத்தனையையும் அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். பெயர் கூப்பிடும் முன்பே நெருங்கி வந்து நிவேதிகாவின் முகத்தில் காறித் துப்பினாள்.

காரணம் தெரிந்திருந்தும் நிவேதிகாவுக்கு உடம்பு கொதித்தது.

பச்சை. சங்கமித்ரா நிதானமாக விரலைப் பதித்துவிட்டு மண்வெட்டி எடுக்கப் போனாள். அவளுக்குப் பின்னால் வரிசை முழுக்க, எல்லாரும் வாயை மூடிக்கொண்டு எச்சிலைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.