பதினோராம் போர்டில் நின்றவள்

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுங்களா. காலை நீட்டிக்கோங்க, நாளெல்லாம் நின்ன காலு. ஒரு கதை சொல்றேன். பயமா இருந்தா பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிச்சுக்கலாம், தப்பில்லை. ஆனா இது ராத்திரிக் கதை இல்லை. பட்டப்பகலில், மத்தியானம் ரெண்டு மணிக்கு நடந்தது.

ஒரகடம் பக்கம், காருக்கு வயர் கட்டித் தருகிற கம்பெனி ஒன்று. போன வருஷம் மூடிவிட்டார்கள். கட்டடத்தை வாங்க யாரோ பார்க்க வருகிறார்கள் என்று, கூட்டிப் பெருக்க ரெண்டு பேரை வரச் சொன்னார்கள். ஒருத்தி ராஜம்மா, மண்ணூர்க்காரி. இன்னொருத்தி முத்துச்செல்வி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து குன்றத்தூரில் ரூம் எடுத்துத் தங்கியவள். அவள் வேலை பார்த்தது வேறொரு கம்பெனி. அதையும் மூடி நாலு மாசம். கேட்டைத் திறந்துவிட்டவர் ரகுபதி. வயர் கட்டுகிற லைனுக்கே சூப்பர்வைசராக இருந்தவர், இப்போது அங்கேயே வாட்ச்மேன்.

உள்ளே கரண்ட் இல்லை. கூரை ஓட்டை வழியாக ஊசி ஊசியாய் வெயில். புறா எச்சமும் பழைய டேப் பசையும் கலந்து ஒரு நாற்றம். வயர் கட்டும் போர்டுகள் வரிசையாக, மொட்டையாக நின்றன. ராஜம்மா வெளியே டிரம்மில் தண்ணி மொள்ளப் போனாள்.

பதினோராம் போர்டின் முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். நீலக் கோட்டு, தலையில் வலைத்தொப்பி. தூசிக்காக மாட்டியிருக்கிறாள், இவளும் கூட்ட வந்தவள்தான் என்று முத்துச்செல்வி நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் திரும்பாமலே கேட்டாள். "ஒண்ணுக்குப் போணும்மா. காலைலருந்து அடக்கிக்கினு கீறேன். மாத்திவிட ரிலீவர் வரல. கொஞ்ச நேரம் நிக்கிறியா?"

லைனில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆள் மாற்றாமல் இடத்தை விட்டு நகர முடியாது. ஒருத்தி அப்படிக் கேட்டால் இன்னொருத்தி மாட்டேன் என்று சொல்லவே மாட்டாள். முத்துச்செல்வியும் எத்தனையோ நாள் அப்படிக் கெஞ்சி நின்றவள்தான். லைனே ஓடவில்லையே என்று யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"போயிட்டு வாங்கக்கா. நான் பாத்துக்கிடுதேன்."

அந்தப் பெண் கக்கூஸ் பக்கம் போக, முத்துச்செல்வி அந்த இடத்தில் போய் நின்றாள்.

கை தானாக மேலே எழுந்தது.

ராஜம்மா பக்கெட்டோடு வந்து பார்க்கிறாள், முத்துச்செல்வி அங்கே இல்லாத வயரை இழுத்து, இல்லாத டேப்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். "இன்னாடி, ஓ.டி. பாக்கிறியா?" என்று சிரித்தாள்.

முத்துச்செல்வி சிரிக்கவில்லை. கண் மட்டும் திரும்பியது. "யக்கா, கை நிக்க மாட்டேங்கு."

இடுப்பைக் கட்டி இழுத்தாள் ராஜம்மா. கால் அசையவில்லை. விரல்களில் டேப் இறுகிய தடம் ஒவ்வொன்றாக விழுந்தது. தோல் கிழிந்தது. கை வேகமெடுத்தது.

"ரிலீவரைக் கூப்பிடுக்கா."

நான் நின்றால் இவள் போய்விடலாம் என்று ராஜம்மா ஒரு காலை எடுத்தும் வைத்தாள். அப்புறம் என்னை மாத்திவிட யாரு? காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள்.

பதினோராம் போர்டு என்றதுமே ரகுபதி முகம் செத்துப்போனது. கனகம் நின்ற இடம் அது என்றார். மூடப்போவது அவருக்கு முன்பே தெரியும். வாயைத் திறக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. வெள்ளிக்கிழமை எல்லாரையும் எப்போதும் போல பஸ் ஏற்றி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி போனது. கனகத்திடம் இருந்தது பட்டன் போன். திங்கட்கிழமையிலிருந்து தினமும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றாள். மூடிட்டாங்க என்று யார் சொன்னாலும், ரகுபதி சார் சொல்லலையே என்பாளாம். அந்த வாரமே, பஸ் ஸ்டாப்பில் நின்ற இடத்திலேயே சரிந்து உயிர் போய்விட்டது.

ரெண்டு பேரும் உள்ளே ஓடி வந்தபோது முத்துச்செல்வி கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. ராஜம்மா அவர் சட்டையைப் பிடித்தாள்.

"நீதான லைனை நிறுத்தணும். அன்னிக்குச் சொல்லாததை இப்போ சொல்லு சார்."

ரகுபதி பதினோராம் போர்டைப் பார்த்துச் சொன்னார்.

"லைன் நிறுத்தியாச்சும்மா. கம்பெனியை மூடியாச்சு. எல்லாரும் வூட்டுக்குப் போங்க. இனிமே வர வேணாம்."

கை நின்றது.

முத்துச்செல்வி ராஜம்மா தோளில் சரிந்தாள். ரெண்டு பேருமாகத் தாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டார்கள். முடிந்தது என்று ரகுபதி மூச்சு விட்டார்.

அப்போது உள்ளே, கக்கூஸ் பக்கமிருந்து, குழாயில் தண்ணி விழுகிற சத்தம்.

தண்ணி லைனை வெட்டி ஒரு வருஷம் ஆகிறது.

குழாயை மூடுகிற சத்தம்.

ரகுபதி சொன்னபோது கனகம் அங்கே இல்லை. அவள் கேட்கவில்லை.

ஈரக் காலடி ஒவ்வொன்றாகப் பதினோராம் போர்டுக்கு வந்தது. "வந்துட்டேம்மா," என்றது ஒரு குரல், அத்தனை நன்றியோடு. பிறகு சர்ரென்று டேப் உரிகிற சத்தம். நிற்காமல்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல ரகுபதிக்கு வாய் வரவில்லை.

உங்க வூட்டு அடுப்பு அணையாம எரியட்டும், கண்ணுங்களா. வேலைக்குப் போன பிள்ளைங்க கை கால் சுகமா, பொழுதோட வாசப்படி ஏறட்டும். வூடு நெறஞ்சு இருங்க.